மூக்கின் வேலையை வாய் செய்யலாமா?

கையில் இருக்கும் அருட்கொடையின் அருமை அது பறிபோகும் வரை தெரிவதில்லை. கண்ணுக்குச் சுர்மா இடுகின்றோம். பல்லுக்கு மிஸ்வாக் தேடுகின்றோம். தலைக்கு எண்ணெய், உடைக்கு அத்தர் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கின்றோம். ஆனால் பிறந்த நிமிடம் முதல் ஓயாமல் உழைக்கும் மூக்கை மட்டும் தடிமன் வந்து அடைத்துக்கொண்ட பின்னரே நினைக்கின்றோம். அடைத்தால்தான் என்ன, வாய் திறந்திருக்கிறதே என்று சிலர் அப்போதும் அதை மறந்துவிடுகின்றனர்.

வாயைத் திறந்தபடி உறங்கும் பிள்ளையைப் பார்த்து, "விளையாடின களைப்பு" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போகும் தாய்மார் எத்தனை பேர்? குறட்டை விடும் கணவரைக் காட்டி, "மனுசன் நல்ல நித்திரை" என்று சொல்லும் மனைவிமார் எத்தனை பேர்? இரண்டிடத்திலும் நித்திரை நன்றாக இல்லை என்பதே உண்மை. அந்த உண்மையை விளங்கிக்கொள்வதற்காக இம்மாதம் மூக்கைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

வன்னிப் புழுதியும் பீனிசமும்

வற்றாப்பளையில் இருந்துகொண்டு மூக்கைப் பற்றி எழுத விஷயம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் நந்திக்கடலின் ஈரக் காற்று. மறு பக்கம் வயல்வெளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரும் பாயும் தலையணையும் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். காலபோக நெல் வெட்டுக் காலத்தில் இயந்திரம் கக்கும் தூசி மூக்கில் ஏறும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குச் சனம் திரளும் நாட்களில் காய்ந்த நிலத்தின் புழுதி எழும். அதன்பின் மாதக்கணக்கில் சோளகக் காற்று அதே புழுதியை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும்.

வெளியே இப்படியென்றால் வீட்டுக்குள்ளே என்ன? விறகடுப்புப் புகை. நுளம்புத் திரியின் புகை. வியாழன் இரவில் சாம்பிராணிப் புகை. போதாக்குறைக்கு ஆண்களின் சிகரட் புகை. முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பீனிசம் என்ற சொல்லை அறியாத வீடு கிடையாது.

ஆனால் மூன்று வெவ்வேறு நோய்களை நாம் அந்த ஒரே பெயரால் அழைத்து வருகின்றோம். கிருமியால் வந்து ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும் தடிமன் ஒன்று. தூசி, புகை, பூந்தூள் ஆகியவற்றை உடல் ஏற்காததால் வரும் தும்மலும் நீரொழுக்கும் இன்னொன்று. இதை ஒவ்வாமை என்பர். முக எலும்புகளில் உள்ள காற்றறைகள் அழற்சி கொண்டு சளி தேங்குவது மூன்றாவது. உண்மையில் பீனிசம் என்று சொல்லத் தக்கது இந்த மூன்றாவதுதான்.

இந்த வேறுபாட்டை நமது முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். கி.பி. 925ஆம் ஆண்டளவில் காலமான மாமருத்துவர் அர்ராஸி, அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் மட்டும் ஏன் மூக்கொழுகுகிறது என்பதற்காகவே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். காரணத்தை அறியாமல் மருந்தைத் தேடாதே என்பதே அதில் நமக்குள்ள பாடம். இன்றோ நாம் காரணத்தைத் தேடாமல் கடைக்குப் போய் "மூக்கடைப்புக்கு ஏதும் தாங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குகின்றோம்.

மூக்கு செய்யும் தொழில்

மூக்கு வெறும் துவாரம் அன்று. அது ஒரு தொழிற்சாலை. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் லீற்றர் காற்றை உள்ளே இழுக்கிறார். அத்தனை காற்றையும் நுரையீரலுக்குப் பொருத்தமாக்கி அனுப்ப வேண்டிய பொறுப்பு மூக்கினுடையது.

முன்வாசலில் உள்ள மயிர்கள் பெரிய தூசியைத் தடுக்கின்றன. உள்ளே பக்கச் சுவர்களில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சதைப்பற்றுள்ள எலும்புகளின் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. காற்று அவற்றைத் தடவிக்கொண்டு போகும் ஒரு கணத்திற்குள் உடலின் சூட்டையும் ஈரத்தையும் பெற்றுவிடுகிறது. அதற்குள் இருக்கும் நுண்தூசியையும் கிருமியையும் பசை போன்ற சளிப்படலம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் படலத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்குகின்றோம். இரைப்பையின் அமிலம் கிருமியைக் கொன்றுவிடுகிறது. சளி என்றால் அருவருப்படைகின்றோம். நோயற்ற மனிதரின் மூக்கும் நாள்தோறும் சளி சுரக்கிறது. அது நோயன்று, காவல்.

இன்னொரு செய்தி அண்மைக் காலத்தில் தெரிய வந்தது. நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் தன்மை உடையது. அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1998இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அதே வாயு நமது முகக் காற்றறைகளில் பெருமளவில் உற்பத்தியாகிறது என்பதை 1995இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மூக்கால் இழுக்கும் காற்றோடு கலந்து அது நுரையீரலுக்குப் போகிறது. கிருமிகளுக்கு அது ஆகாது. நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்கு அது உதவி. வாயால் இழுக்கும் காற்றுக்கு இந்தப் பங்கு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வாய்க்கு மயிர் வடிகட்டி இல்லை. மடிப்பெலும்பு இல்லை. வாய் உண்ணவும் பேசவும் படைக்கப்பட்டது. ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் அவசரத்திற்கு மூச்சுக்கு உதவும். அவசரக் கதவை நாளாந்த வாசலாக்கினால் என்ன நடக்கும்?

பீனிசம் பிடிப்பது எப்படி?

கன்னங்களில் இரண்டு, நெற்றியில் இரண்டு, இரு கண்களுக்கும் நடுவில் தேன்கூடு போலச் சிறு சிறு அறைகள், மண்டையின் ஆழத்தில் இரண்டு என்று காற்றறைகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் மூக்குக்குள் ஒரு சிறு வாசல் திறக்கிறது. கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லை, மேற்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அங்குள்ள சளியை நுண்மயிர்கள் மேல்நோக்கி ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். கிணற்றிலிருந்து துலாவால் நீர் இறைப்பதைப் போன்ற வேலை அது.

தடிமனாலோ ஒவ்வாமையாலோ மூக்குச் சவ்வு வீங்கினால் அந்தச் சிறு வாசல் அடைபடுகிறது. துலா நின்றுவிடுகிறது. சளி தேங்குகிறது. தேங்கிய நீரில் பாசி பிடிப்பதைப் போல அங்கே கிருமி பெருகுகிறது. கன்னம் கனக்கிறது, நெற்றி வலிக்கிறது, குனிந்தால் வலி கூடுகிறது, மணம் தெரிவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாயால் மூச்சு விடுவதுதான் பீனிசத்தைக் கொண்டுவருகிறது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அடைப்பு முதலில் வருகிறது. அடைப்பினால் வாய் திறக்கிறது. ஆனால் திறந்த வாய் திறந்தபடியே பழகிவிட்டால் தொல்லை தொடர்கிறது. வடிகட்டாத வரண்ட காற்று தொண்டையை உலர்த்தி எரிக்கிறது. மூக்கின் வழியே காற்றோட்டம் குறைகிறது. அடைப்பு நீங்கிய பின்னும் பழக்கத்தால் வாயே மூச்சு வாசலாகிவிடுவோர் உண்டு. ஆகவே வாய் மூச்சை ஒரு நோயாக மட்டும் பாராமல், மூக்கு அடித்துக் காட்டும் ஓர் அபாய மணியாகப் பார்க்க வேண்டும். மணியை நிறுத்தினால் போதாது; ஏன் அடித்தது என்று பார்க்க வேண்டும்.

இரவில் நடப்பது

பகலில் மூக்கடைத்தால் நமக்குத் தெரியும். இரவில் நடப்பதை நாம் அறிவதில்லை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. வாய் திறந்தால் கீழ்த்தாடை பின்னால் விழுகிறது. அதோடு நாக்கும் பின்னால் சரிகிறது. மூச்சுப் பாதை ஒடுங்குகிறது. ஒடுங்கிய பாதையில் காற்று போகும்போது தசைகள் அதிரும் ஓசைதான் குறட்டை. உடல்நலமுள்ள 12 பேரை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கால் மூச்சு விட்டு உறங்கியபோது இருந்ததைவிட வாயால் மூச்சு விட்டு உறங்கியபோது மூச்சுப் பாதையின் தடை இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

சிலருக்குப் பாதை ஒடுங்குவதோடு நிற்பதில்லை, முற்றாக மூடிக்கொள்கிறது. குறட்டை திடீரென்று நிற்கும். பத்துச் செக்கன், இருபது செக்கன் ஓசையே இராது. பிறகு திணறி ஒரு பெருமூச்சு, மீண்டும் குறட்டை. இதுவே தூக்கத்தில் மூச்சுத்தடை எனும் நோய். ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழித்துத்தான் மூச்சை மீட்கிறது. ஒரு மணித்தியாலத்திற்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது.

இப்படிப்பட்டவர் எட்டு மணித்தியாலம் படுத்தாலும் ஸுப்ஹுக்கு எழும்போது நாக்கு வரண்டிருக்கும், தலை பாரமாக இருக்கும். தலைமாட்டில் செம்புத் தண்ணீர் இல்லாமல் படுக்கவே மாட்டார். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். ஜும்ஆ குத்பாவில் கதீப் ஹம்து சொல்லி முடிப்பதற்குள் தலை சாயும் சகோதரர்களை நாம் காண்கின்றோம். ஈமானில் குறைவு என்று அவர்களைக் கேலி செய்கின்றோம். ஈமானை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. அவருடைய மூச்சை அளக்கும் கருவி வைத்தியரிடம் இருக்கிறது. அவர் லொறியோ ட்ரக்டரோ ஓட்டுபவராக இருந்தால் இது அவர் உயிரோடு மட்டும் முடியும் விஷயமும் அன்று.

இந்த நோய்க்கு வழி இருக்கிறது. மூக்கில் கவசம் பொருத்திக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்திப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்தினார். எல்லோருக்கும் அந்தக் கருவி தேவைப்படாது. பலருக்கு உடற் பருமனைக் குறைப்பதும், சிகரட்டை விடுவதும், மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பதும் நல்ல பலன் தரும். வலப்பக்கம் சாய்ந்து உறங்குவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுங்குதானே! அதைக் கடைப்பிடிக்க இன்னொரு காரணமும் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகளின் நிலை

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்காகவே நான் அதிகம் கவலைப்படுகின்றேன். ஏனெனில் பெரியவருக்கு நித்திரை கெடுகிறது; பிள்ளைக்கோ வளர்ச்சியே கெடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் ஏழு வயது மகனோடு வந்தார். "மவ்லவி, புள்ளைக்கு ராவையில மூச்சு நிண்டு நிண்டு வருது. திடுக்கிட்டு எழும்பி அழுகுறான். பாயிலேயே சிறுநீர் போறான். என்னமோ பட்டிருக்கு எண்டு சொல்றாங்க. ஓதிப் பாருங்க" என்றார். பிள்ளையைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை. ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பவில்லை. பாடசாலையில் "மந்தம்" என்று பின்வாங்கில் இருத்தியிருக்கிறார்கள் என்றும் தாய் சொன்னார்.

ஓதினேன். ஓதுவது நமது கடமை. "இனி வைத்தியரிடம் காட்டுவதும் கடமைதான் தாயே" என்று சொல்லி மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கிருந்து கடிதம் பெற்று யாழ்ப்பாணத்தில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டினார்கள். மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினொயிட் என்னும் சதை பெருத்து மூச்சுப் பாதையை அடைத்திருந்தது. அதே சதை காதுக்குப் போகும் குழாயையும் அடைத்ததால் நடுக்காதில் நீர் கோர்த்திருந்தது. பிள்ளை மந்தமில்லை, பிள்ளைக்குக் கேட்கவில்லை. நித்திரையும் இல்லை. இரண்டும் இல்லாத ஏழு வயதுப் பிள்ளை என்னதான் படிக்கும்? சத்திர சிகிச்சைக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இரவில் ஓசையின்றி உறங்கியது. "மூச்சு வருதா எண்டு மூக்குக்குக் கிட்டக் கைய வச்சுப் பாத்தன்" என்றார் தாய்.

இந்தச் சதையைப் பற்றி உலகுக்கு முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் டென்மார்க் நாட்டின் கொப்பன்ஹேகன் நகர வைத்தியர் வில்ஹெல்ம் மேயர். 1868இல் அவர் எழுதினார். காது மந்தமாகி, பேச்சும் அடைத்துப்போன ஓர் இளம் பெண்ணைப் பரிசோதித்தபோதே அவர் இதைக் கண்டார். பிறகு பார்த்தால் ஊரெங்கும் அப்படிப் பிள்ளைகள்! அதுவரை அவர்களை மந்த புத்தியினர் என்றே பலரும் எண்ணியிருந்தனர். நாம் இன்னும் அந்த 1868க்கு முந்திய காலத்தில் நிற்கலாமா?

நீண்ட காலம் வாய் திறந்தே வளரும் பிள்ளைக்கு முகத்தின் அமைப்பும் மாறக்கூடும். நாக்கு மேலண்ணத்தில் தங்காமல் கீழே கிடப்பதால் மேற்றாடை ஒடுங்கிப் பல் வரிசை கோணலாகிறது. ஹார்வோல்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்துப் பார்த்து, 1981இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய மாற்றங்களை விவரித்தனர். மனிதப் பிள்ளைகளில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆயினும் காலத்தோடு கவனித்தால் நல்லது என்பதில் ஐயமில்லை. வாய் உலர்ந்தால் உமிழ்நீரின் காவல் குறைந்து பற்சூத்தையும் வாய் நாற்றமும் வருவது தனிக்கதை.

மத்ரஸாவில் தெரியும் அடையாளம்

குர்ஆன் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் எனது சகோதர முஅல்லிம்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கற்கும்போது கைஷூம் என்ற ஒன்றைப் படித்தோம். மூக்கின் உட்பகுதியான அதுவே குன்னாவின் பிறப்பிடம். மூக்கு அடைபட்ட பிள்ளைக்கு மீம், நூன் இரண்டும் சரியாக வராது. மீம் 'ப' போலவும், நூன் 'த' போலவும் ஒலிக்கும். பிள்ளை கவனமின்றி ஓதுகிறது என்று பிரம்பை எடுப்பதற்கு முன், மூக்கைப் பாருங்கள். தடிமன் இல்லாத நாட்களிலும் மாதக்கணக்கில் இப்படியே ஓதினால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வைத்தியரைவிட முன்னதாக அந்த நோயைக் கேட்கும் காது உங்களுடையது.

வாயை மூடி மூக்கால் முனகும்போது, சாதாரண மூச்சைவிடப் பதினைந்து மடங்கு நைத்திரிக் ஒக்சைட் மூக்கின் வழியே வெளிப்படுகிறது என்று 2002இல் அதே சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து கூறினர். காற்றறைகளின் வாசல்களில் காற்று அசைந்து பரிமாறப்படுவதே அதற்குக் காரணம். இதைக் கேட்டதும் குன்னாவோடு ஓதினால் பீனிசம் தீரும் என்று யாரும் விளம்பரம் செய்துவிட வேண்டாம். ஆய்வு முனகலைப் பற்றியது. குர்ஆனை மருந்துக் கடைச் சரக்காக்குவது அதற்கு நாம் செய்யும் கண்ணியம் ஆகாது.

வுழூவும் மூக்கும்

வுழூவில் நாசிக்கு நீர் செலுத்திச் சீந்துவது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்தாகும். ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக வுழூச் செய்து மும்முறை நீர் செலுத்துபவர் ஒரு நாளில் பதினைந்து தடவை மூக்கைக் கழுவுகிறார். புழுதி நிறைந்த எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய பாக்கியம்! ஆனால் நம்மில் பலர் விரல் நுனியால் மூக்கை நனைத்துவிட்டுப் போகின்றோம். மூக்குத் தண்டின் மென்மையான பகுதி வரை நீரை இழுத்து, இடக்கையால் சீந்த வேண்டும். நோன்பாளி மட்டும் அளவோடு செய்ய வேண்டும்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெக்லேரியா என்ற ஓரணு உயிரி, சூடேறிய தேங்கிய நன்னீரில் வாழ்வது. அந்த நீரைக் குடித்தால் ஒன்றும் நேராது. மூக்கின் மேற்கூரை வரை ஏறினால் மட்டும் மூளைக்குள் புகுந்து உயிரைக் குடித்துவிடும். 2024இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் சிலர் இத்தகைய மூளைக் காய்ச்சலால் மரணித்தனர். கராச்சியில் 2008 முதல் பலர் இறந்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்க வேர்ஜின் தீவுகளில் வுழூவுக்காக மூக்கைக் கழுவிவந்த ஒரு முஸ்லிம் சகோதரர் இதனால் இறந்தார். இது மிக மிக அரிதான நோய். பயந்து சுன்னத்தை விட வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஹவ்ழை வெயிலில் தேங்கவிடாமல் அடிக்கடி இறைத்துக் கழுவிக் குளோரின் இட்டால் போதும். பாசி பிடித்த நீரை மூக்கில் ஏற்றாமல் தவிர்ப்பதும், குளத்தில் குதிக்கும் பிள்ளைகளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கச் சொல்வதும் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

அடிக்கடி மூக்கடைப்பவர்களுக்கு உப்புநீரால் கழுவுவது நல்ல சிகிச்சை. ஒரு லீற்றர் நீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் 9 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. கொதிக்க வைக்காத கிணற்று நீரையோ குழாய் நீரையோ இதற்குப் பாவிக்கக் கூடாது. அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும். நீர் இளஞ்சூடாக இருக்கட்டும். குனிந்து, தலையைச் சற்றுச் சரித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மூக்கால் ஊற்றினால் மறு மூக்கால் வரும். வாய் மூச்சுக்கு இங்கே மட்டும் அனுமதி!

கடையில் கிடைக்கும் சைலோமெட்டாசொலின், ஒக்சிமெட்டாசொலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்துகள் நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து விட்டவுடன் முன்னைவிட அதிகமாக அடைக்கும். அதற்காக மீண்டும் மருந்து, மீண்டும் அடைப்பு என்று ஆண்டுக்கணக்கில் அந்தச் சிறு போத்தலுக்கு அடிமையானவர்கள் இருக்கிறார்கள். தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்டு வைத்தியரை நெருக்குவதும் வேண்டாம். பெரும்பாலான தடிமன் வைரசால் வருவது, அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது. ஆவி பிடிப்பது சற்று ஆறுதல் தரும். ஆனால் பிள்ளையின் மடியில் கொதிநீர்ச் சட்டியை வைக்காதீர்கள். மூக்கைத் திறக்கப் போய் உடம்பைச் சுட்டுக்கொண்ட கதைகள் ஏராளம்.

படுக்கும் அறையில் நுளம்புத் திரியைவிட நுளம்பு வலை மேல். தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரந்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். விறகடுப்பு உள்ள குசினிக்குப் புகைபோக்கியும் யன்னலும் வையுங்கள். நெல் வெட்டும் நாட்களில் சால்வையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் குறட்டை விட்டால், தடிமன் இல்லாதபோதும் வாய் திறந்தே இருந்தால், மூச்சு நின்று திணறினால், காட்டுங்கள். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, பிள்ளை உறங்கும் விதத்தை இரண்டு நிமிடம் படம் பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஒரு மூக்கால் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கக்கூடும். வீட்டில் குத்தி எடுக்க முயலாதீர்கள். தடிமன் பத்து நாட்களைத் தாண்டினாலும், குறைந்து வந்து மீண்டும் கூடினாலும் வைத்தியரிடம் போக வேண்டும். பீனிசத்தோடு கண் வீங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், கழுத்து விறைத்தால், கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. வாயில் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டு உறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று போனில் ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. மூக்கு அடைத்திருப்பவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் எதனால் மூச்சு விடுவார்? பிள்ளைகளுக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாய் தானாக மூட வேண்டுமென்றால் மூக்கு திறக்க வேண்டும். வழி அதுதான்.

தாய்மாரே, இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று அவர்களின் மூச்சைக் கேளுங்கள். ஓசையின்றி, வாய் மூடி, நெஞ்சு சீராக ஏறி இறங்கினால் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் படுங்கள். அப்படி இல்லையென்றால் நாளை காலையில் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். கணவரின் குறட்டைக்கும் இதே விதிதான். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நீங்கள் விடாதீர்கள். நம் எல்லோருக்கும் சீரான மூச்சையும் நிம்மதியான நித்திரையையும் வல்ல நாயன் அருள்வானாக!